பெர்க்மான்ஸ் திரும்பி வரும் ஊர்

ஒரே ஒரு காலையில் கிளம்பிப்போன பெர்க்மான்ஸ் கொரேரா அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மாலையிலும் திரும்பி வந்தான். பெனாசோலாவில் போய் இதைக் கேட்டால் இன்றும் யாரும் கண்ணை விரிக்க மாட்டார்கள். எந்த வீட்டு பெர்க்மான்ஸைக் கேட்கிறீர்கள் என்று மட்டும் கேட்பார்கள்.

ஸ்பெயின் தேசத்தில், வலென்சியாக் கடற்கரையிலிருந்து வண்டியை உள்நாட்டுப் பக்கம் திருப்பி, ஆரஞ்சுத் தோட்டங்கள் முடிந்து, பாதாம் மரங்களும் முடிந்து, கல்லும் காற்றும் மட்டும் மிஞ்சுகிற மேட்டுநிலத்தில் ஏறிப்போனால் வருகிற ஊர் அது. ரோமானியர்கள் வந்து ஆற்றின் குறுக்கே ஒற்றை வளைவுப் பாலம் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார்கள், மூர்கள் வந்து குன்றின்மேல் காவல்கோபுரத்தைக் கட்டிவிட்டுப் போனார்கள், துறவிகள் வந்து மடம் கட்டித் தேனீ வளர்த்து மணியடித்து ஜெபம் சொல்லி, ஒருநாள் அவர்களும் போனார்கள். கடைசியாக ஊரில் பிறந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏற, தெருத் தெருவாக வீடுகள் இருந்தும் குளிர்காலத்தில் புகை எழும்பும் கூரைகளை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம் என்று ஆயிற்று. ஊர்த் தலைவர் ஃபெர்மின், சாராயக்கடையும் அவருடையதுதான், போனவர்கள் விட்டுப்போனதையெல்லாம் ஒரே வளையமாகக் கோத்து மலைச் சைக்கிள்காரர்களுக்கென்று ஒரு சுற்றுப்பாதை போட்டார். ஊர் நடுவில் இருக்கும் கல் ஊற்றடியில் தொடங்கி, ஓக் காட்டுக்குள் நுழைந்து, கோபுரத்தைச் சுற்றி, மடத்தின் முற்றத்தைக் கடந்து, பாலத்தின் வழியாக மறுபடி அதே ஊற்றடிக்கு வந்து சேரும் பாதை. வழி நெடுக வெள்ளையும் மஞ்சளும் பூசிய முளைகள். யாராவது வரட்டும், ஒரு ராத்திரி தங்கட்டும், ஒரு கிண்ணம் சூப்பாவது குடிக்கட்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

அப்படி வந்தவர்கள்தான் பெர்க்மான்ஸும் ஜசிந்தாவும். இரண்டு பேரும் தூத்துக்குடிக்காரர்கள். அவன் வலென்சியாத் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமையானால் பூசை முடிந்த கையோடு சைக்கிளைத் தூக்கிக் காரின் தலையில் கட்டிவிடுவான். கொரேரா என்ற பெயரைக் கேட்டதும் விடுதிக்கார எலாதியா, தன் தாய்மாமன் வழியிலும் ஒரு கொரேரா உண்டு என்று சொல்லி, பதிவு எதுவும் போடாமலே மாடி அறையைத் திறந்துவிட்டார். எழுபதைத் தாண்டிய விதவை அவர். கடலோரத்துப் பரதவர் குடும்பத்துக்கு எந்தக் காலத்திலோ எந்தக் கப்பலோ கொண்டுவந்து கொடுத்த பெயர், இத்தனை தூரம் வந்து ஒரு மலையூரில் சொந்தம் கொண்டாடப்படுகிறதே என்று பெர்க்மான்ஸ் சிரித்துக்கொண்டே இருந்தான்.

ஜசிந்தாவால் சிரிக்க முடியவில்லை. மூன்று தடவை அவள் வயிற்றில் தங்கியது மூன்று தடவையும் தங்காமல் போயிருந்தது. கடைசித் தடவைக்குப் பிறகு, இன்னும் ஒரு முறை பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார், பார்க்கலாமா என்று பெர்க்மான்ஸ் பல வாரங்களாகக் கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தான். வாயால் கேட்டது அன்று காலையில்தான். ஊற்றடியில் ஒரு காலைத் தரையில் ஊன்றி, தலைக்கவசத்தின் வாரைத் தாடைக்கடியில் மாட்டிக்கொண்டே, தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்பதுபோலக் கேட்டான்.

"ஏளா, இன்னொரு தடவ பாப்பமா?"

"போயிட்டு வாங்க. வந்த பெறவு சொல்லுதேன்" என்றாள் அவள்.

"போயிட்டு வாறேன்" என்று சொல்லி அவன் மிதித்துப் போனான். குங்குமப்பூ பூக்கும் மாதம் அது. ஆள் இல்லாமல் காடாகப் போன வயல்களிலும் கிழங்கு தன்பாட்டுக்கு முளைத்து, தரை ஊதாவாகக் கிடந்தது.

மாலையில் வந்தான். இடது முழங்கையில் ஒரு சிராய்ப்பு, முழங்காலில் சிவப்புச் சேறு, கண்ணில் அந்தக் கோபுரத்தையும் மடத்தையும் பார்த்துவிட்டு வந்த வெளிச்சம். சாப்பிட்டு முடிக்கும்வரை ஜசிந்தா காத்திருந்தாள். பிறகு சொன்னாள். தன்னால் முடியாது என்றும், இனிமேல் எப்போதும் முடியாது என்றும், அவன்மேல் கோபம் எதுவும் இல்லை என்றும், தன் உடம்பு மூன்று தடவை கல்லறையாக இருந்துவிட்டது, நான்காவது தடவை இருக்க அதற்குத் தெம்பில்லை என்றும் சொன்னாள். பெர்க்மான்ஸ் குனிந்து காலணியின் அடியில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் கொஞ்ச நேரம் சுரண்டினான். "சரிளா" என்றான். பிறகு தட்டை எடுத்துப்போய் அவனே கழுவி வைத்தான்.

மறுநாள் கிளம்ப வேண்டும் என்றுதான் இருந்தார்கள். அவனுக்கு எழுந்திருக்க மனசில்லை, அவளுக்கு எழுப்ப மனசில்லை. அன்று மாலை அவள் துணி எடுக்கக் கீழே வந்தபோது ஊற்றடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு பெர்க்மான்ஸ் முகம் கழுவிக்கொண்டிருந்தான். இடது முழங்கையில் சிராய்ப்பு, முழங்காலில் சிவப்புச் சேறு. மடத்தின் முற்றத்தில் ஒரு அத்திமரம் நிற்கிறது, நம்ம சேசு மாமா வீட்டு மரம்போலவே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தான். மாடியில் இன்னொரு பெர்க்மான்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். வந்தவன் சாப்பிட்டான், துடைத்துக்கொண்டான், அவள் முகத்தைப் பார்த்தான். அவள் சொல்ல வேண்டியிருந்தது. அவன் குனிந்து காலணியின் சேற்றைச் சுரண்டினான். "சரிளா" என்றான்.

மூன்றாம் நாளும் வந்தான். நான்காம் நாளும் வந்தான். எலாதியா வாரக் கடைசிக்கு வாங்கும் பருப்பை இரட்டிப்பாக்கினார். ஃபெர்மின் தன் மருமகன் ஒருவனை அந்தப் பாதையில் சைக்கிளில் விட்டுப் பார்த்தார். அவன் ஒருவனாகப் போய் ஒருவனாகவே வந்தான், மறுநாள் யாரும் வரவில்லை. பெர்க்மான்ஸ்களில் இரண்டு பேர் எதிர்த்திசையில் நடந்துபோய், வருகிறவனை வழியிலேயே பிடிக்கப் பார்த்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் பாதை முழுக்க வெறிச்சோடிக் கிடந்தது, திரும்பிப் பார்த்தால் பாலத்தின் முதுகிலிருந்து அவன் இறங்கி வந்துகொண்டிருந்தான். மாதம் ஒருமுறை பூசைக்கு வரும் பாதிரியார் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்துத் தீர்த்தம் தெளித்தார். எல்லாரும் ஒரே மாதிரி சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருவனுக்கு ஞானஸ்நானம் ஒருமுறைதான், இவர்களுக்கு அது தூத்துக்குடியிலேயே ஆகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, நடந்து களைத்த தன் கால்களுக்கு உதவும் என்று கூடுதலாக நின்ற சைக்கிள்களில் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். மாகாணத் தலைநகரத்தில் ஜனத்தொகைக் கணக்கு எழுதுகிறவர்கள், ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, ஒரே ரேகை உள்ள ஆளை ஒருமுறைக்கு மேல் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே ஊர் நிரம்பிக்கொண்டே வந்தும் காகிதத்தில் காலியாகவே இருந்தது.

ஒரு வாரம் ஆனதும் ஜசிந்தா தாங்க மாட்டாமல் காரை எடுத்துக்கொண்டு வலென்சியாவுக்குப் போனாள். எலாதியா தொலைபேசியில் கூப்பிட்டார். நேற்று வந்தவன் ஊற்றடியில் உட்கார்ந்திருக்கிறான், சாப்பிடவில்லை, மனைவி எங்கே என்று கேட்கிறான், பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள் என்கிறான். இன்று வந்தவனும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"நீயே வந்து சொல்லிவிட்டுப் போ மகளே" என்றார் எலாதியா. "பதிலுக்குக் காத்திருக்கிற மனுஷனுக்கு என் சூப் இறங்க மாட்டேன் என்கிறது."

அவள் திரும்பி வந்தாள். இரண்டு பேருக்கும் சொன்னாள். இரண்டு பேரும் குனிந்தார்கள். அதற்குப் பிறகு அவளால் ஊரைவிட்டுப் போக முடியவில்லை. விடிந்ததிலிருந்து அவள் செய்த ஒவ்வொரு வேலைக்கும் அடியில் அந்த மாலை வெயில் கிடந்தது. காய் நறுக்கும்போதும், குளிக்கும்போதும், ஜெபமாலை உருட்டும்போதும், இன்று வருகிறவனிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டே இருந்தாள். மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தாள், அழுதுகொண்டு சொன்னாள், அழாமல் சொன்னாள். எப்படிச் சொன்னாலும் அவன் அதே சேற்றைச் சுரண்டி அதே சொல்லைச் சொன்னான். ஒரு மனுஷனின் நெஞ்சை ஒரு தடவை உடைக்கிற பாவத்தை எல்லா மனைவிமாரும் எப்போதாவது செய்திருப்பார்கள். அதைத் தினசரி வேலையாகச் செய்கிறவள் உலகத்தில் தான் ஒருத்திதான் என்று அவளுக்குத் தோன்றியது.

கடைசியில் முதல் பெர்க்மான்ஸ்தான் அதிலிருந்து அவளை விடுவித்தான். முதல் மாலையில் வந்தவன், மற்றவர்களுக்கு அண்ணன்போல ஆகிவிட்டவன். அவன் இப்போது பழைய ரொட்டி அடுப்பு இருந்த வீட்டில் குடியிருந்தான்.

"நீ சொல்ல வேண்டாம்" என்றான். "நா சொல்லிக்கிடுதேன். என் வாயால கேட்டா அவனுக்கு அவ்வளவா வலிக்காது."

அன்றுமுதல் மாலையில் ஊற்றடியில் அவனே நின்றான். வருகிறவன் தன்னைத் தானே பார்த்துத் திகைத்து நிற்கும்போது சைக்கிளை வாங்கிச் சுவரில் சாய்த்து, துண்டைக் கொடுத்து, கையைப் பிடித்துப் படிக்கட்டில் உட்கார வைத்துச் சொன்னான். அடுத்தவன் சொன்னால் நம்பாதவன் தானே சொன்னதும் நம்பினான். ஜசிந்தா மாடி ஜன்னலின் மரத் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிவது தெரியும். கேட்பவனுக்கு வலிப்பதைவிடச் சொல்பவனுக்கு அதிகமாக வலிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அதை அவனிடம் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பெனாசோலாவோ தன் நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நம்பியது. குங்குமப்பூவைப் பனி காய்வதற்குள் பறிக்க வேண்டும், பறித்த பூவிலிருந்து சிவப்பு நாரை ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். அதற்குக் கை இல்லாமல்தான் அந்தப் பயிர் செத்திருந்தது. இப்போது விடிகாலையில் ஒரே முதுகுகள் வரிசை வரிசையாக வயலில் குனிந்திருந்தன. பாரந்தூக்கியைப் பிரித்துப் போட்டுப் பூட்டத் தெரிந்த கைகள் பழைய மாவு ஆலைக்குப் போகும் நீரோடையைச் சீர்படுத்தின, தேவாலயத்து மணியின் அச்சைச் செப்பனிட்டன, ஓடு விழுந்த கூரைகளுக்கு ஓடு போட்டன. பூட்டிக் கிடந்த வீடுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கொல்லன் வீட்டு பெர்க்மான்ஸ், மடத்துத் தெரு பெர்க்மான்ஸ், விதவை வீட்டு பெர்க்மான்ஸ், கிணற்றடி பெர்க்மான்ஸ் என்று வீட்டை வைத்தே பெயர் ஏற்பட்டது. அடையாளம் தவறாமலிருக்க எலாதியா ஒவ்வொருவன் மணிக்கட்டிலும் வேறு வேறு நிறத்தில் கம்பளி நூல் கட்டினார். உப்புக் கண்டமாக வரும் காட் மீனை ஊறவைத்து, வலென்சியாவிலிருந்து புளி தருவித்து அவர்கள் குழம்பு வைத்தார்கள். கிழவர்கள் மூக்கில் நீர் வடிய அதைச் சாப்பிட்டுவிட்டு, எதிரே வருகிறவனைப் பார்த்துச் சாப்பிட்டாச்சா என்று தமிழில் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். ஃபெர்மினின் கடையில் சீட்டாட்டம் மறுபடி தொடங்கியது, ஆனால் நாலு பெர்க்மான்ஸ் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஆட்டம் முடியாது. மற்றவன் கையில் என்ன இருக்கிறது என்று நாலு பேருக்கும் தெரியும்.

பனி விழத் தொடங்கியபோது ஃபெர்மின் பள்ளிக்கூடத்தைக் கையிலெடுத்தார். கடைசிப் பிள்ளை வெளியேறிய பிறகு பூட்டிய கட்டடம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், குட்டி பெஞ்சுகளுக்கு வார்னிஷ் பூசினார்கள், முற்றத்தில் ஒரு ஊஞ்சல் கட்டினார்கள். இத்தனை ஜனம் இருக்கிற ஊருக்கு வாத்தியார் வேண்டும் என்று ஃபெர்மின் ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தைப் பார்த்தார். கொஞ்சம் கிழவர்கள், கொஞ்சம் கிழவிகள், மீதி இடம் முழுக்க ஒரே முகம். அந்த முகம் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பேச்சை முடிக்காமலே உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்து வழியாகச் செல்வதை பெர்க்மான்ஸ்கள் தவிர்த்தார்கள், சுற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் தனியாக ஒருவன், மற்றவர்கள் பார்க்காத நேரத்தில், குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பதை எலாதியா அடிக்கடி பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வேறு நிற நூல்.

"ஆள் வந்தது மகளே, ஊர் வரவில்லை" என்று அவர் ஜசிந்தாவிடம் சொன்னார். சொன்ன பிறகு அது அவளைக் குத்தும் என்று உணர்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். ஒரு வீட்டில் ஒருவனாக இருந்த துக்கத்தைத் தெருத் தெருவாக நிற்க வைத்துப் பார்க்கும்படி ஆயிற்றே என்றுதான் ஜசிந்தா நினைத்தாள்.

பாதாம் மரங்கள் பூத்த வாரத்தில் முதல் பெர்க்மான்ஸ் இறந்தான்.

உச்சிப்பொழுதில் ரொட்டி அடுப்பிலிருந்து தட்டை வெளியே இழுத்தவன், தலைக்குள் யாரோ விளக்கேற்றியதுபோல ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தான், பிறகு முழங்கால் மடங்கி உட்கார்ந்தான். ஜசிந்தா ஓடி வருவதற்குள் முடிந்திருந்தது. அவன் கையில் மாவு இருந்தது. அவள் அதைத் துடைத்துவிட்டாள், பிறகு தன் கையில் ஒட்டிய மாவைத் துடைக்காமல் வைத்துக்கொண்டாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் பிறவியிலேயே மெலிந்து பலூன்போல ஊதியிருந்தது, அது வெடித்துவிட்டது என்று டவுன் மருத்துவர் சொன்னார். மறுநாள் அதே உச்சிப்பொழுதில் இரண்டாம் மாலையில் வந்தவன் ஓடைக்கரையில் விழுந்தான். மற்றவர்களில் மூன்று பேரை நகரத்துக்குக் கூட்டிப்போய்த் தலைக்குள் படம் எடுத்தார்கள். மூன்று படத்திலும் ஒரே குழாய், ஒரே வீக்கம். கத்தி போக முடியாத ஆழத்தில் இருக்கிறது, தொட்டால் அங்கேயே முடிந்துவிடும் என்று பெரிய மருத்துவர் தலையை அசைத்தார். அந்தக் காலையில் கிளம்பிப்போன பெர்க்மான்ஸுக்கு இன்னும் அரை வருஷம்தான் என்று எழுதியிருந்தது. அவளும் அறியவில்லை, அவனும் அறியவில்லை. அவள் முடியாது என்று சொன்னது அரை வருஷமே மிச்சம் வைத்திருந்த மனுஷனிடம்.

அதன் பிறகு தினம் ஒருவன் செத்தான், தினம் ஒருவன் வந்தான். வந்த வரிசையிலேயே போனார்கள். நாளைக்கு யார் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. நாளைக்கு உள்ளவன் தன் வீட்டைக் கூட்டி வைத்து, அடுப்பை அணைத்து, சாவியை எலாதியாவிடம் கொடுத்துவிட்டு, மற்றவர்களோடு உட்கார்ந்து கொஞ்சம் திராட்சைரசம் குடித்தான். ஃபெர்மினின் கடை வாசலில் தச்சுப் பட்டறை எழும்பியது. கல்லறைத் தோட்டத்தின் சுவரைத் தள்ளிக் கட்டினார்கள், பிறகு இன்னும் தள்ளிக் கட்டினார்கள். பழகிப்போயிற்று என்று சொல்வது தப்பு, ஆனால் ஊர் அதற்கும் ஒரு நடைமுறை கண்டது. மாலையானால் பாதி ஊர் ஊற்றடிக்குக் கிண்ணமும் துண்டும் எடுத்துக்கொண்டு போகும், பாதி ஊர் தேவாலயத்துக்குப் பூ எடுத்துக்கொண்டு போகும். மாதம் ஒருமுறை வந்த பாதிரியார் இப்போது வாங்கிப்போன சைக்கிளில் தினமும் வந்தார். ஊரில் ஆள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஊற்றடியில் நின்று பதில் சொல்லும் வேலை, உயிரோடு இருப்பவர்களில் மூத்தவனுக்கு என்று ஆயிற்று. ஆகவே தினம் ஒரு புதுக் குரல் அதைச் சொன்னது, மறுநாள் அந்தக் குரல் இருக்காது.

ஜசிந்தா அந்த நாட்களில் தூங்கவில்லை. இறந்த முகத்தை ஒவ்வொரு நாளும் அவளே கழுவினாள். கழுவிக் கழுவி, அந்த மாலையில் சேற்றைச் சுரண்டியவன்மேல் அவளுக்கு இருந்த களைப்பெல்லாம் கரைந்து, கல்யாணமான புதிதில் துறைமுகத்து மதில்மேல் உட்கார்ந்து அவனோடு சுண்டல் தின்ற பெண் உள்ளே எழுந்து நின்றாள். அவனுக்கு ஒரு பிள்ளை இருக்கட்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். வயிறு மறுபடியும் கல்லறையானாலும் ஆகட்டும், ஒருவன், ஒரே ஒருவன், சரி என்ற சொல்லைக் காதால் கேட்டுவிட்டுப் போகட்டும். யாரிடமும் சொல்லாமல் ஒரு மாலை அவள் பாலத்துக்கு நடந்தாள். மற்றவர்கள் அவனைப் பார்ப்பதற்கு முன்னால், அவன் மற்றவர்களைப் பார்ப்பதற்கு முன்னால், பாலத்தின் கைப்பிடிக் கல்லில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

அவன் இறங்கி வந்தான். இடது முழங்கையில் சிராய்ப்பு. அவளைக் கண்டதும் பிரேக் பிடித்து, ஒரு காலை ஊன்றி, இவ்வளவு தூரம் நடந்தா வந்தாய் என்று கேட்டான். முகமெல்லாம் சந்தோஷம்.

"பாப்போம்ங்க" என்றாள் ஜசிந்தா. "இன்னொரு தடவ பாப்போம்."

"நெசமாவாளா?"

"நெசமாத்தான்."

அவன் சைக்கிளைவிட்டு இறங்கி உருட்டிக்கொண்டு அவளோடு நடந்தான். ஊர் எட்டும்வரை பேசிக்கொண்டே வந்தான். முன்னறையை என்ன செய்யலாம் என்றும், ஊருக்குப் போய்ப் பெற்றுக்கொண்டால் உன் அம்மா பார்த்துக்கொள்வாள் என்றும், துறைமுகத்தில் பகல் முறை கேட்டு வாங்கிக்கொள்வேன் என்றும், இந்தச் சைக்கிளை விற்றுவிடுவேன் என்றும், விற்க மாட்டேன், முன்னால் ஒரு சின்ன இருக்கை வைத்துக்கொள்ளலாம் என்றும் பேசினான். பாதாம் பூ முடிந்து மரம் பச்சையாக இருந்தது. அத்தனை மாதத்தில் முதன்முதலாக ஒரு பெர்க்மான்ஸ் மகிழ்ச்சியோடு நடந்து வருவதை அவள் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே நடந்தாள். பாலத்தில் தான் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. முதல் மாலையில் சொன்னதும் பொய்யில்லை என்பதும் தெரிந்தது.

ஊற்றடியில் எல்லாரும் நின்றிருந்தார்கள். தெருவின் இரண்டு பக்கமும், படிக்கட்டுகளிலும், ஜன்னல்களிலும் அவன் நின்றிருந்தான். அவர்கள் ஜசிந்தாவின் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு வருகிறவனின் முகத்தைப் பார்த்தார்கள். என்ன நடந்திருக்கிறது என்று ஒருவனுக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. யாரும் கோபப்படவில்லை. ஒவ்வொருவனாக வழிவிட்டு ஒதுங்கினான். ஒதுங்கிய இடைவெளியில் தேவாலய வாசலும், அதன் நிழலில் முக்காலிமேல் இருந்த சவப்பெட்டியும் தெரிந்தன.

வந்தவன் நின்றான். பெட்டிக்குள் யார் என்று அவளிடம் கேட்டான். அவள் சொன்னாள். தனக்கு இன்னும் எத்தனை காலம் என்று கேட்டான். அதையும் சொன்னாள், பாதாம் கொட்டை உடைத்து, திராட்சை பறித்து, குங்குமப்பூ பூக்கிற வரைக்கும் என்றாள். அவன் நெடுநேரம் அந்த முகங்களைச் சுற்றிப் பார்த்தான்.

"இவங்ககிட்ட என்ன சொன்ன?"

"முடியாதுன்னு சொன்னேன்."

"எல்லாருகிட்டயுமா?"

"எல்லாருகிட்டயும்."

அவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. "சாகப்போறவனுக்குக் குடுக்கிற வாக்கு எனக்கு வேண்டாம்ளா" என்றான். "இவங்களுக்குச் சொன்னதயே எனக்கும் சொல்லு."

அப்படியில்லை என்று சொல்ல ஜசிந்தா வாயைத் திறந்தாள். இது இரக்கம் இல்லை, நிஜமாகவே வேண்டும் என்றுதான் நடந்து வந்தேன் என்று சொல்லலாம். ஆனால் அவன் முகம் செத்துக் கிடந்த எத்தனையோ நாளுக்குப் பிறகு அதைச் சொன்னால், எந்தப் பெர்க்மான்ஸ்தான் நம்புவான்? தெரு முழுக்க அவன் காத்திருந்தான். எலாதியா கிண்ணத்தைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"முடியாதுங்க" என்றாள் அவள்.

"சரிளா" என்றான் அவன்.

மாலை வெயில் கோபுரத்தைவிட்டு இறங்கிவிட்டது, அடக்கத்துக்கு நேரமாகிவிட்டது என்பதுபோலப் பாதிரியார் படியில் நின்று பார்த்தார். பெட்டியைத் தூக்க ஐந்து பேர் குனிந்தபோது வந்தவன் சைக்கிளை மற்ற சைக்கிள்களோடு சுவரில் சாய்த்துவிட்டு, சேற்றுக் காலோடு போய், யாரும் கேட்காமலே ஆறாவது இடத்தில் தோளைக் கொடுத்தான். ஜசிந்தா பின்னால் நடந்தாள். ஆறு பேரும் ஒரே உயரமாக இருந்ததால், தெரு முடிந்து கல்லறை மேடு ஏறத் தொடங்கும்வரை பெட்டி ஒரு பக்கமும் சாயவில்லை.